குதிரையில் ஏறுமுன் நம் உடம்பைக் கேட்போம்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் மூன்று குழுக்களின் பிரதிநிதிகள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கேதார்நாத் போகணும்னு ரெண்டு வருஷமா தனியா சேமிச்சிட்டு வர்றோம். நடக்க முடியாதவங்க குதிரையில போகலாம்னு சொல்றாங்க. நாங்க குதிரைய கிட்டப் போய்ப் பார்த்ததே இல்ல. ஏறலாமா, வேண்டாமா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

ஏறலாம். ஆனால் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அதை ஊரிலிருந்தே தொடங்க வேண்டும். 2023ஆம் வருடம் செப்டம்பரில் நம் கூட்டமைப்பிலிருந்து 18 பேர் போய் வந்தோம். அப்போது பட்ட அனுபவத்தையும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். வைஷ்ணவி தேவி கோயில், அமர்நாத் போன்ற மலைகளுக்குக் குதிரையில் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாதை எப்படி இருக்கும்?

கேதார்நாத் உத்தராகண்ட் மாநிலம் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் இருக்கிறது. தேவாரத்தில் திருக்கேதாரம் என்று பாடப்பட்ட தலம் இதுதான். வருடம் முழுவதும் கோயில் திறந்திருக்காது. ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் திறந்து, தீபாவளியை ஒட்டி மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் அங்கே பனி.

நாம் போகும் பஸ், வேன் எல்லாம் சோன்பிரயாக் என்ற இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஜீப்பில் சுமார் 5 கிலோமீட்டர் போனால் கௌரிகுண்ட். அதற்கு மேல் ரோடு கிடையாது. சுமார் 16 கிலோமீட்டர் நடைபாதை. 2013 ஜூன் மாதம் வந்த பெருவெள்ளத்திற்கு முன்பு 14 கிலோமீட்டர்தான் இருந்தது. அந்த வெள்ளத்தில் வழியில் இருந்த ராம்பாரா என்ற ஊரே அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் மந்தாகினி ஆற்றின் மறுகரையில் புதுப்பாதை போட்டார்கள். 2024 ஜூலை 31 அன்று பெய்த பேய்மழையிலும் பாதை பல இடங்களில் உடைந்து, ஆயிரக்கணக்கான பேரை மீட்க வேண்டி வந்தது. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மழை மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

பாதை ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். கல் பாவிய படிகளும் உண்டு. நடந்து போகிறவர்கள், குதிரைகள், நான்கு பேர் தூக்கும் டோலி, ஒருவரே முதுகுக் கூடையில் சுமக்கும் கண்டி எல்லாம் இதே பாதையில்தான் போகும், வரும். குதிரையில் மேலே போய்ச்சேர நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும்.

அங்கே நாம் குதிரை என்று சொல்வதில் பெரும்பாலானவை கோவேறு கழுதைகள். அவர்கள் 'கச்சர்' என்கிறார்கள். குதிரையை விடக் கொஞ்சம் குட்டை, காது நீளம், மலைப்பாதையில் கால் நிதானமாக வைக்கும். நாம் தனியாக ஓட்டிப் போக வேண்டியதில்லை. கூடவே ஒரு குதிரைக்காரர் நடந்து வருவார்.

"குதிரைதானே நடக்குது, நமக்கென்ன?"

இப்படித்தான் நாங்களும் நினைத்தோம். இது இரண்டு விதத்தில் தப்பு.

ஒன்று, ஐந்து மணி நேரம் காலை அகட்டி உட்கார்ந்திருப்பது லேசான வேலை இல்லை. தொடை, இடுப்பு, முதுகு மூன்றும் ஓயாமல் வேலை செய்யும். நாம் டூவீலரில் பின்னால் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து பழகியவர்கள். குதிரையில் அப்படி உட்காரவே முடியாது. இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். பழக்கமில்லாத தொடை ஒரு மணி நேரத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிடும்.

இரண்டாவதுதான் முக்கியம். கௌரிகுண்ட் சுமார் 2,000 மீட்டர் உயரம். கேதார்நாத் 3,583 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். அதைவிட 900 மீட்டருக்கும் மேல் உயரத்தில் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். நடந்து போகிறவர் களைத்துப் போய் அங்கங்கே உட்காருவார். உடம்புக்குப் பழக நேரம் கிடைக்கும். குதிரையில் போகிறவர் நிற்காமல் உயரத்துக்குப் போய்விடுகிறார். கால் களைக்காது, ஆனால் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், மூச்சுத் திணறல் வந்துவிடும். குதிரை நம் காலைத்தான் காப்பாற்றும், மூச்சைக் காப்பாற்றாது. அதனால் முதல் நாள் இரவு கௌரிகுண்ட் பக்கத்தில் தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்புவது நல்லது.

எங்களுக்கு நடந்தது

எங்களோடு வந்தவர்களில் கறவை மாடு வளர்க்கும் ஒரு அக்கா இருந்தார். வயது ஐம்பத்தாறு. பால் பணத்தில் மாதாமாதம் ஒதுக்கி இந்தப் பயணத்துக்குச் சேர்த்தவர். கிளம்புமுன் எல்லோரிடமும் "பி.பி., சுகர் இருக்கா, மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டோம். அவர் "ஒண்ணும் இல்ல" என்றுதான் சொன்னார்.

பாதி வழி தாண்டி லிஞ்சோலி வந்தபோது அவருக்குத் தலை பிளக்கிற மாதிரி வலி. வாந்தி எடுத்தார். குதிரையில் நேராக உட்கார முடியாமல் பள்ளத்துப் பக்கமே சாய்ந்தார். குதிரைக்காரர் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று கைகாட்டினார். அப்போதுதான் அந்த அக்கா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார். மூன்று வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். சொன்னால் எங்கே தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்று பயந்து மறைத்துவிட்டார். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு நாளாக மாத்திரையையும் போடவில்லை.

கோயிலுக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் திரும்புவது என்று முடிவு செய்தோம். பக்கத்தில் இருந்த மருத்துவ முகாமில் காட்டினோம். அவர்களும் கீழே இறங்கச் சொன்னார்கள். அவர் குழுவின் பிரதிநிதி தானும் சாமி பார்க்காமல் அவரோடு இறங்கினார். கீழே வரவர தலைவலி குறைந்தது. அன்று ராத்திரி அந்த அக்கா சொன்னது எங்கள் எல்லோருக்கும் மறக்காது: "உங்ககிட்ட மறைச்சேன், என் உடம்புகிட்ட மறைக்க முடியலயே."

யோசித்துப் பார்த்தால் தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. பத்துப் பேர் நடுவில் நிற்க வைத்து நோயைக் கேட்டால் யார் சொல்வார்கள்? அதிலும் நாம் வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, நம் வலியை வாய்க்குள் அடக்கிப் பழகியவர்கள். அதனால் இப்போது எங்கள் வழக்கத்தை மாற்றிவிட்டோம். தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கிறோம். "நோய் இருந்தா கூட்டிட்டுப் போக மாட்டோம்னு இல்ல. எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

யார் குதிரையில் ஏற வேண்டாம்?

கீழே சொல்லியிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏறவே கூடாது.

• கர்ப்பிணிகள். சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் அல்லது வேறு வயிற்று ஆபரேஷன் செய்தவர்கள்.
• அடியிறக்கம், அதாவது கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். குதிரையின் குலுக்கல் இதை அதிகமாக்கும்.
• முதுகுத்தண்டு, இடுப்பு, முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள். எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள்.
• இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத பி.பி., வலிப்பு உள்ளவர்கள்.
• ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கீழே விழுந்தால் ரத்தப்போக்கு நிற்பது கஷ்டம்.
• ரத்தசோகை அதிகம் உள்ளவர்கள். நம்மில் நிறையப் பேருக்கு இது இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

சுகர் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. விரதம் என்று சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டால் மயக்கம் வரும். பையில் வெல்லம், பொரிகடலை, பிஸ்கட் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஊரிலேயே பழகுவோம்

கிளம்புவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். "நாங்க நாத்து நடுறோம், களை எடுக்குறோம், இதுக்கு மேல என்ன?" என்று கேட்கலாம். அது குனிகிற வேலை. இதற்கு வேண்டியது வேறு.

நடை: தினமும் அரை மணி நேரத்தில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் வரை வேகமாக நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். வாரம் இரண்டு நாள் படி ஏறி இறங்குங்கள்.

தொடை: நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்து முறையில் தொடங்கி முப்பது வரை போகலாம்.

இடுப்பு: தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து வைத்து, முழங்கால்களை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். பட்டாம்பூச்சி இறக்கை அடிப்பது போல இருக்கும். இது தொடையின் உள்பக்கத்தை இளக்கும்.

நிதானம்: சுவர் பக்கத்தில் நின்று ஒற்றைக்காலில் முப்பது எண்ணும் வரை நில்லுங்கள். பிறகு அடுத்த கால்.

முடிந்தவர்கள் ஒருமுறை கொடைக்கானல் ஏரிப் பக்கமோ ஊட்டியிலோ குதிரைச் சவாரி செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். உயரம் பயமாக இருக்கிறதா, தொடை வலிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கேதார்நாத் பாதையில் போய்த் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

என்ன உடுத்துவது?

சேலை வேண்டாம். இதைச் சொன்னால் சில மாமியார்களுக்குக் கோபம் வரும். ஆனால் சேலைக் கொசுவம் கால் வைக்கும் இரும்பு வளையத்தில் மாட்டினால், இறங்கும்போது நாம் ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம். சுடிதார் அல்லது தளர்வான பேன்ட் போடுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போடுங்கள். கோயில் வாசலில் சேலை மாற்றிக்கொள்ளலாம்.

செருப்பு போட்டு ஏறக் கூடாது. கால் வளையத்துக்குள் வழுக்கி முழுசாக நுழைந்துவிடும். மூடிய ஷூவும் சாக்ஸும் போடுங்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டு கட்டாயம். குதிரை மேல் குடை விரிக்கவே கூடாது. படபடவென்று விரியும் குடையையும் காற்றில் அடிக்கும் பிளாஸ்டிக் உறையையும் கண்டு மிருகம் மிரளும். நகைகளை வீட்டில் வைத்துவிடுங்கள்.

சிறுநீர் வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பழக்கம். மலையில் அது ஆபத்து. தண்ணீர் குறைந்தால் தலைவலி கூடும். வழியில் கழிப்பிடங்கள் உண்டு. நிறுத்தச் சொல்லி இறங்குங்கள்.

மாட்டைப் பார்க்கிற கண்ணோடு பாருங்கள்

மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். ஐந்து மணி நேரம் நம் உயிரைச் சுமக்கப் போகிற மிருகத்தை மட்டும் ஏன் பார்க்காமல் ஏற வேண்டும்?

நொண்டுகிறதா, முதுகில் சேணம் பட்ட இடத்தில் புண் இருக்கிறதா, விலா எலும்பு தெரிகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, லாடம் ஆடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். 2022ஆம் வருட யாத்திரையில் ஓய்வில்லாத வேலையில் நிறையக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்துப்போயின. 2025 மே மாதம் குதிரைகளுக்கு நோய் வந்து சில சாகவே, போக்குவரத்தையே நிறுத்தி வைத்தார்கள். களைத்த மிருகம் தடுக்கி விழும். அதன் கஷ்டம் நமக்கும் ஆபத்துதான்.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுக்கணக்கு. 300 கிலோ மிருகம் என்றால் 60 கிலோ, சேணத்தோடு சேர்த்து. எடை அதிகம் உள்ளவர்கள் பெரிய மிருகமாகக் கேளுங்கள், அல்லது டோலியில் போங்கள். பெரிய மூட்டையையும் மடியில் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஏற வேண்டாம்.

காது முன்பக்கம் நிமிர்ந்திருந்தால் கவனமாக இருக்கிறது என்று அர்த்தம். காது பின்பக்கம் படுத்துவிட்டால் கோபம். பின்னங்கால் பக்கம் போய் நிற்காதீர்கள். உதைக்கும். முன்பக்கம், தோள் ஓரமாக, பேசிக்கொண்டே போங்கள்.

ஏறினதும் கவனிக்க

• உட்காருமுன் வயிற்றுவார் இறுக்கமாக இருக்கிறதா என்று குதிரைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வார் தளர்ந்தால் சேணத்தோடு நாமும் சரிவோம்.
• பாதத்தின் முன்பகுதியை மட்டும் வளையத்தில் வைத்து, குதிகாலைக் கீழே அழுத்துங்கள்.
• சேணத்தின் முன்னால் உள்ள பிடியைப் பிடியுங்கள். போட்டோ எடுக்க இரண்டு கையையும் விடாதீர்கள்.
• ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள். இறக்கத்தில் பின்னால் சாய்ந்து காலை முன்னால் நீட்டுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறவர்கள் அதிகம் என்று குதிரைக்காரர்களே எங்களிடம் சொன்னார்கள். முடிந்தவர்கள் திரும்பும்போது நடந்தே வரலாம்.
• பள்ளத்தின் ஓரமாகக் குதிரை நடந்தால் பயந்து கத்தி அசையாதீர்கள். உடம்பை நடுவில் வையுங்கள்.
• இறங்குவது எப்போதும் மலைப் பக்கம். இறங்கியதும் கால் மரத்திருக்கும். சேணத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிடம் நில்லுங்கள்.
• நடந்து போகிறவர்கள் குதிரை வந்தால் மலைப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

இந்தி தெரியாதே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். ஐந்தாறு வார்த்தை போதும். ருக்கோ என்றால் நில். தீரே சலோ என்றால் மெதுவாகப் போ. உதர்னா ஹை என்றால் இறங்க வேண்டும். சக்கர் ஆ ரஹா ஹை என்றால் தலை சுற்றுகிறது. சாத் மே சலோ என்றால் சேர்ந்து போங்கள். குழுக்கூட்டத்தில் பாட்டுப் போலச் சொல்லிப் பழகுங்கள். நாங்கள் 'ருக்கோ' மட்டும் தெரிந்துகொண்டு போனோம். அதுவே பலமுறை கைகொடுத்தது.

பணமும் பதிவும்

யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் மேலே விடமாட்டார்கள்.  பணம் கேட்கிற ஆளை நம்ப வேண்டாம்.

குதிரைக்கு அரசு முன்பணக் கவுன்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் இங்கே தொகை எழுதவில்லை. கவுன்டரில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குதிரையின் பதிவு எண்ணையும், குதிரைக்காரரின் அட்டையையும் செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இருட்டில் சவாரி வேண்டவே வேண்டாம்.

குதிரைக்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள். நம்மில் பலருக்குக் கறவை மாடு எப்படியோ, அவர்களுக்கு அந்த மிருகம் அப்படி. ஆறு மாத சீசன் வருமானத்தில் வருடத்தை ஓட்டுகிறவர்கள். வேகமாகப் போகச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். நாம் அவசரப்படுத்தினால் அடி வாங்குவது குதிரைதான்.

பயணத்துக்கு உள்கடன் எடுக்க வேண்டாம். கடன் தொழிலுக்கு. பயணத்துக்குத் தனிச் சேமிப்பு. மாதம் 500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் போட்டால் 12,000 ரூபாய் கையில் இருக்கும். அவசரத்தில் கந்துவட்டிக்கு ஓட வேண்டாம். திரும்பி வருவதற்கும் வைத்தியத்துக்கும் தனியாகக் கொஞ்சம் பொதுப் பணம் வையுங்கள்.

எங்கள் தீர்மானம்

ஊர் திரும்பியதும் மூன்று தீர்மானம் எழுதினோம். ஒன்று, உடம்பு விவரத்தைத் தனியாகக் கேட்போம், வெளியே சொல்லமாட்டோம். இரண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. ஒருவர் இறங்கினால் துணையும் இறங்குவார். மூன்று, பாதியில் திரும்பியவரைப் பற்றி யாரும் கேலியாகவோ, "சாமி கூப்பிடல" என்றோ பேசக் கூடாது.

அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வரும்போது கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி நடக்கிறார். டாக்டர் சரி என்றால் மறுபடி போவார். இல்லை என்றால் போகமாட்டார். "கேதாரம் அங்கேயேதான் இருக்கும். நான் இருந்தாத்தானே பாக்க முடியும்?" என்கிறார்.

இந்த மாதக் குழுக்கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் எத்தனை பேர் பி.பி., சுகர், ரத்தப் பரிசோதனை செய்து ஆறு மாதம் ஆகிவிட்டது?
2. உடம்பு விவரத்தை மறைக்காமல் சொல்ல ஒவ்வொருவருக்கும் நம் குழுவில் நம்பிக்கை இருக்கிறதா? இல்லை என்றால் ஏன்?
3. பயணச் சேமிப்பைத் தனிக் கணக்கில் எழுதுகிறோமா?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

சேர்ந்து போவோம், சேர்ந்தே திரும்புவோம்!